ஆறாவது கேசட்

முப்பத்திரண்டு வருடம் ஏற்காட்டுப் பனியில் கிடந்த
ஆறு கேசட்டுகள்
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
செவ்வாய்ப்பேட்டை வெயிலுக்கு வந்தன,
ஒரு பிஸ்கட் டின்னில்.
"அப்பா எடுத்த பேட்டி. திறந்தா நாத்தம் வரும்"
என்றார் ஜெசிந்தா.
வந்தது.
ஊறுகாய் மேல் படிவதுபோல
நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை.

கிளாரினெட் தாரமங்கலம் அர்த்தநாரி
எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் பேசியிருக்கிறார்.
அதற்குப் பின் ஐந்து மாதம்தான் இருந்தார்.

பஞ்சால் துடைத்து, பென்சிலால் சுற்றி,
ஒவ்வொன்றாக ஓடவிட்டேன்.
ஒன்றில் கல்யாணக் கச்சேரிகள், வராத பாக்கிகள்.
இரண்டில் பாதிக்கு மேல் ஒரு சிறுமியின் வாய்ப்பாடு.
ஏழு எட்டு ஐம்பத்தாறு, ஏழு ஒன்பது...
அங்கே அவள் நின்றுவிட,
அடியிலிருந்து எழுந்து வருகிறார் அர்த்தநாரி:
"...அது துளையில இல்லீங்க, உதட்டுல இருக்கு."

இரைச்சல் நீக்கும் மென்பொருள்
அவர் மூச்சை இரைச்சல் என்றது.
வாய் ஓரங்களால் இழுக்கும் நீள மூச்சு,
கேள்விக்குப் பதில் சொல்லவும் அப்படித்தான் இழுக்கிறார்.
ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து
ஒவ்வொரு மூச்சாகத் திருப்பி வைத்தேன்.

ஐந்தாவது கேசட், ஏ பக்கத்தின் கடைசி.
"எழுபத்தெட்டுக்கு அப்புறம் ஏன் மேடை ஏறலீங்க?"
மூச்சு.
"சொல்றேன். அன்னிக்கு ஜங்ஷன்ல எறங்கறப்ப..."
டக்.
பி பக்கம் திறக்கிறது:
"...அதுக்கு மேல எப்படிங்க ஊதறது?"

கேசட்டைத் திருப்பிப் போடப் பதினோரு நொடி.
அவர் இயந்திரத்துக்காக நிற்கும் ஆளில்லை.

அறக்கட்டளைச் செயலாளர் கோகுலநாதன் போனில்:
"வார்த்தைங்கதான் நிறைய கெடக்குதே,
எடுத்து ஒட்டிடுங்களேன்."
முடியாது என்று வைத்தேன்.
அன்றிரவே ஒட்டினேன்.
முதல் கேசட்டில் டீ கொண்டுவந்தவனை அழைத்த 'தம்பி',
மூன்றாவதில் ஒரு சபா காரியதரிசியைக் கேலி பேசிய
'செத்துட்டான்.'
இரண்டுக்கும் நடுவே அவருடைய மூச்சே ஒன்று.
கேட்டேன். கை ரோமம் நின்றது.
வெளியே வெல்ல மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம்.
இல்லாத தம்பிக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
அழித்தேன்.
குப்பைத்தொட்டியிலிருந்து மீட்டு இன்னொரு முறை கேட்டு
மறுபடி அழித்தேன்.

வெறும் நிசப்தத்தை வைக்கலாம்தான்.
ஆனால் கணினியின் நிசப்தத்தில் அறை இல்லை,
நாற்காலி இல்லை, குளிர் இல்லை.
காதுக்குள் கிணறு வெட்டியதுபோல் இருக்கும்.

ஆறாவது கேசட்டில் பேச்சே கிடையாது.
யாரோ பொத்தானை அழுத்திவிட்டு மறந்து போன
நாற்பது நிமிடம்: தகரக் கூரையில் மழை,
நடுவில் ஒரு கோப்பை வைக்கும் ஒலி.
அதில் பதினோரு நொடி வெட்டி
ஐந்தாவதின் இடைவெளியில் பொருத்தினேன்.
தையல் தெரியவில்லை.
பேட்டி புதன்கிழமை.
மழை வியாழக்கிழமையுடையது.

பில்லில் எழுதினேன்:
ஒலி சீரமைப்பு, நாற்பத்தாறு மணி நேரம்.
மழைக்கு விலை போடவில்லை,
இருக்கிறது என்றும் எழுதவில்லை.

ஜெசிந்தா கேட்டுவிட்டு அழைத்தார்.
"நடுவுல வருதே, அது எங்க பங்களா மழதானே?"
"ஆமாங்க."
அது உண்மை. அது மட்டும்.
"அந்த வாய்ப்பாட்ட எடுத்துட்டீங்களா?"
"இல்லீங்க, அடியில ஒண்ணும் மிச்சமில்ல.
எடுத்தா வெறும் ஓட்டைதான்."
"எதுல நின்னேன்?"
"ஏழு ஒன்பதுல."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சிரித்தார்:
"இப்பவும் அங்கதான் நிப்பேன்."